நடிகர் திலகத்துக்கு ஓட்டு ஏன் விழவில்லை?

வாசகர் கேள்வி இதுதான்: எம்.ஜி.ஆருக்கு இருந்ததைப் போலவே சிவாஜி கணேசனுக்கும் புகழ் இருந்தது, உயிரையே விடும் ரசிகர்களும் இருந்தார்கள். அப்படியிருக்க, ஒருவர் ஏறத்தாழப் பத்தாண்டு முதலமைச்சராக இருந்தார். மற்றவர் ஒரே ஒரு சட்டமன்றத் தேர்தலில் நின்று அதிலும் தோற்றார். அது எப்படி? புகழையும் அன்பையும் அரசியலையும் சிவாஜி எப்படித்தான் பார்த்தார்? பின்னால் வந்த நடிகர்களுக்கும் இது பொருந்துமா?

சிவாஜி ரசிகர்களான எங்களிடம் இதற்கு ஒரு ஆயத்தப் பதில் உண்டு. அவருக்குத் திரையில் நடிக்கத் தெரியும், அரசியலில் நடிக்கத் தெரியாது என்போம். நானும் பல வருடம் இதையே சொல்லித் திரிந்தவன். காதுக்கு இதமான பதில்தான், ஆனால் சரியான பதில் இல்லை. ஜெயித்தவர்கள் எல்லாரும் வேஷக்காரர்கள், ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. அதைவிட முக்கியம், சிவாஜி செய்த தவறுகள் எல்லாவற்றையும் அவருடைய நல்ல குணத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

முதலில் புகழை எடுத்துக்கொள்வோம். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பையன் அவர். பெண் வேடத்திலிருந்து தொடங்கி, கிடைத்த வேடத்தையெல்லாம் கட்டினார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனியில் ஒரு பையனுக்குச் சோறு, படுக்கை, அடி, படிப்பு எல்லாம் வாத்தியார்தான். யார் சோறு போட்டார்களோ அவர்களுக்குக் கடைசிவரை கடமைப்பட்டிருப்பது என்பது அங்கே தானாகவே ரத்தத்தில் ஊறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்த கணேசனைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர்தான் ‘சிவாஜி’. அந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். என்பது சரித்திரத்தின் குறும்பு. பிறகு 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. புதுமுகம் வேண்டாம், வேறு நடிகரைப் போடலாம் என்று ஏவி.எம். தரப்பில் தயக்கம் இருந்தபோது, கணேசன்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். படம் வெளியான மறுநாளே கணேசன் நட்சத்திரம். அதற்குப் பிறகு எத்தனை உயரம் போனாலும், ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்குப் போய்ப் பெருமாளுக்குச் சீர் வைத்து வணங்கிவிட்டு வருவதை அவர் நிறுத்தவில்லை.

கெய்ரோவில் 1960இல் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசு, 1966இல் பத்மஸ்ரீ, பின்னால் செவாலியே, தாதாசாகேப் பால்கே என்று பட்டியல் நீளமானது. ஆனால் புகழ் என்பது தொழிலுக்குக் கிடைத்த கூலி என்றுதான் அவர் நடந்துகொண்டார். குறித்த நேரத்துக்கு முன்பே வேஷத்தோடு தளத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதை அவரோடு வேலை செய்த எவரும் சொல்லாமல் விட்டதில்லை. அந்தப் புகழை முதலாகப் போட்டு வேறு ஒரு வியாபாரம் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு வெகுகாலம் வந்ததாகத் தெரியவில்லை. கொடைகளையும் அப்படியே கையாண்டார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் தன் செலவில் சிலை வைத்தார். ஊருக்கு ஊர் நாடகம் போட்டு நிதி திரட்டிக் கொடுத்தார். எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். சிவாஜி கொடுத்தால் வாங்கியவருக்குத் தெரியும். இதில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. கொடுத்ததைச் சொல்வதும் அரசியலில் ஒரு வேலை. அந்த வேலையை ஒருவர் செய்தார், மற்றவர் செய்யவில்லை.

பட்டங்களையே பாருங்கள். ஒருவர் நடிகர் திலகம், மற்றவர் மக்கள் திலகம். ஊர் அவரவரை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி அன்பு. இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே சரக்கு என்று நினைப்பதில்தான் கணக்குத் தவறுகிறது. எம்.ஜி.ஆர். படத்தில் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், முடிவில் இறப்பது மிக அபூர்வம். ஏழையை அடிப்பவனைத் திருப்பி அடிப்பார். ரசிகன் அவரை ‘வாத்தியார்’ என்றான். சிவாஜியோ ‘பாசமலர்’ அண்ணனாகத் தங்கையின் கையைப் பிடித்தபடி செத்துப்போவார். ‘வியட்நாம் வீடு’ பத்மநாபனாக ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகளால் நொந்துபோவார். ‘வசந்த மாளிகை’யில் குடித்துச் சீரழிவார். நம் வீட்டில் யாருக்கெல்லாம் என்னென்ன நேருமோ அத்தனையும் அவருக்கு நேரும். அவருக்காக நாம் அழுதோம். அவர் நமக்காக யாரையும் அடித்து உதைத்ததாக நினைவில்லை. ஓட்டுச் சீட்டு கையில் இருக்கும்போது நம்மோடு சேர்ந்து அழுகிறவரைவிட, நமக்காகச் சண்டைக்குப் போகிறவர் முகம்தான் முன்னால் வரும். இதில் ஏமாளித்தனம் எதுவும் இல்லை.

காதல் என்று கேட்டால், அந்தத் துறைக்கு மன்னர் பட்டம் வேறொரு கணேசனுக்குப் போய்விட்டது. சிவாஜி ‘பராசக்தி’ வருவதற்குச் சில மாதம் முன்பு, 1952 மே முதல் தேதி, கமலா அம்மாளை மணந்து கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர். அவருடைய காதல் படங்களில் என் மனத்தில் நிற்பது இளமைக் காலத்துப் படம் எதுவும் இல்லை. 1985இல் வந்த ‘முதல் மரியாதை’தான். நரைத்த தலையோடு, ஊர்ப் பெரிய மனிதரின் கௌரவத்தையும் சுமந்துகொண்டு, சொல்ல முடியாத ஒரு பிரியத்தை அவர் கண்ணாலேயே நடத்திக் காட்டினார். அதுவரை அவரை மிகை நடிப்பு என்று குறை சொன்னவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அரசியல். இங்கேதான் நாடகக் கம்பெனிப் பையனை மறுபடி கூப்பிட வேண்டும். சிவாஜியின் அரசியல் பயணத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் கட்சி, கொள்கை என்று பெயர் எழுதுவதைவிட ஆட்களின் பெயரை எழுதுவது எளிது. முதலில் அண்ணா. திராவிட இயக்க மேடைகளில் வளர்ந்தார்; கருணாநிதியின் வசனத்தை அவர் வாயில் கேட்டுத்தான் தமிழ்நாடு சிலிர்த்தது. 1950களின் நடுவில் கட்சி புயல் நிவாரண நிதி திரட்டியபோது அவரும் தெருத் தெருவாகப் போய் வசூலித்தார். நிதி வசூலித்தவர்களைப் பாராட்டிய விழாவுக்குத் தனக்கு அழைப்பு வரவில்லை என்பதைப் பின்னாளில் மனம் வருந்திச் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் திருப்பதிக்குப் போய்விட்டு வந்தார். நாத்திகம் பேசிய கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? ‘திருப்பதி கணேசா, கோவிந்தா’ என்று சுவர்களில் எழுதிக் கேலி செய்தார்கள். அவர் ஒதுங்கினார். கொள்கையில் தகராறு என்று அறிக்கை விட்டுப் பிரியவில்லை. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து ஈ.வெ.கி. சம்பத். அவர் தி.மு.க.விலிருந்து பிரிந்து 1961இல் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கியபோது சிவாஜி கூடவே நின்றார். சம்பத் காங்கிரசில் சேர்ந்தபோது இவரும் போனார். அங்கே காமராஜர். இதற்குப் பெயர் அரசியல் ஆதரவு என்றால் அந்தச் சொல் போதாது. தகப்பன் மேல் வைக்கும் பாசம். காங்கிரஸ் ஆட்சியில் இருந்தபோது ஒட்டிக்கொண்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. 1967இல் விருதுநகரில் காமராஜரே தோற்றார். 1971இல் தி.மு.க. 184 இடங்களை அள்ளிக்கொண்டு போக, காமராஜரின் ஸ்தாபன காங்கிரசுக்கு (பிளவுபட்ட காங்கிரசில் இந்திராவுக்கு எதிரான அணி) கிடைத்தவை 15. இந்த இரண்டு தேர்தலிலும் சிவாஜி அந்தப் பக்கமே நின்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்க்கிறவராக இருந்தால் அங்கே நின்றிருக்க மாட்டார்.

சிவாஜியின் பிறந்தநாள் அக்டோபர் 1. காமராஜர் காலமானது 1975 அக்டோபர் 2. அதற்குப் பிறகு சிவாஜி இந்திரா காந்தியின் பக்கம் போனார். 1982இல் மாநிலங்களவைக்கு நியமனம் கிடைத்தது. ஆனால் காங்கிரஸ் அவரை என்ன செய்தது? கூட்டம் சேர்க்க வைத்துக்கொண்டது. அவர் வந்தால் மைதானம் நிறையும்; அவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் உள்ளே போய் வேட்பாளர் பட்டியலைத் தயாரிப்பார்கள். மாநிலத் தலைவர் பதவி ஒரு நாளும் அவரிடம் வரவில்லை. அவரும் அதற்காகக் கதவை உடைக்கவில்லை. என் பார்வையில், 1989 தேர்தலில் தோற்றதைவிடப் பெரிய தோல்வி இதுதான். பதிப்பாளர் சின்ன அண்ணாமலை போன்றவர்கள் உழைத்து உருவாக்கிய ரசிகர் மன்றங்கள் மாவட்டந்தோறும் இருந்தன. அந்தப் பையன்களில் எத்தனை பேர் வார்டுத் தேர்தலில் நின்றார்கள்? எத்தனை பேரைக் கிளைச் செயலாளராக்க அவர் சண்டை போட்டார்? எம்.ஜி.ஆர். மன்றங்கள் தி.மு.க. கிளைகளோடு பின்னிப் பிணைந்து, கொடி கட்டி, பூத்தில் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலை மனப்பாடம் செய்து வளர்ந்தவை. 1953இல் கட்சிக்குள் வந்த எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் வெளியே தள்ளப்பட்டபோது, அந்த மன்றங்கள் அப்படியே ஒரு கட்சியாக எழுந்து நின்றன. ஏழே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சினிமா மாயம். உள்ளே இருந்தது பத்தொன்பது வருட உழைப்பு.

அப்போது சிவாஜியின் புகழ் மங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகித் திரையை விட்டுவிட்ட பிறகு, 1979இல் சிவாஜியின் 200ஆவது படம் ‘திரிசூலம்’ திருவிழா போல ஓடியது. புகழ் குறையவே இல்லை. அதை ஊற்றி வைக்கப் பாத்திரம்தான் இல்லை.

இப்போது 1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். மறைகிறார். ஜானகி அம்மாள் முதலமைச்சராகிறார்; ஜனவரி 28ஆம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு அடிதடியில் முடிகிறது; இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்படுகிறது. காங்கிரஸ் அந்த ஆட்சிக்கு ஆதரவு தரவில்லை. தந்திருக்க வேண்டும் என்பது சிவாஜியின் வாதம். வருத்தத்தோடு வெளியே வந்து, பிப்ரவரியில் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார். ஏன் இவ்வளவு வேகம்? பத்திரிகைகள் பல காரணம் எழுதின. என் ஊகம் வேறு. நாடக நாட்களில் பசியோடு போன கணேசனுக்குச் சோறு போட்டவர் எம்.ஜி.ஆரின் தாயார் சத்யபாமா. திரையில் போட்டி, மேடையில் எதிர்க்கட்சி, சுவரொட்டியில் சாணி அடித்த ரசிகர்கள் எல்லாம் இருந்தும், சிவாஜிக்கு எம்.ஜி.ஆர். ‘அண்ணன்’தான். அந்த அண்ணன் போன பிறகு அண்ணியைச் சபையில் கைவிட்டதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அரசியலாகப் பார்த்தால் இது தற்கொலை. அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால், வேலூருக்குப் பொங்கல் சீர் கொண்டுபோன அதே மனிதர்தான் இதையும் செய்தார் என்று புரியும்.

1989 ஜனவரி 21, பொங்கல் முடிந்த கையோடு தேர்தல். இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தி.மு.க. ஒரு பக்கம், மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் இன்னொரு பக்கம். சிவாஜி ஜானகி அணியோடு கூட்டு. அவர் நின்றது திருவையாறு. சூரக்கோட்டையில் பண்ணையும் தஞ்சை மண்ணில் வேரும் உள்ளவர், சொந்தச் சீமை கைவிடாது என்ற கணக்கு. தி.மு.க.வின் துரை சந்திரசேகரனிடம் பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அவர் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தேர்தலில் என் மாமா ஒருவர் செய்ததைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும். தஞ்சைப் பக்கத்து விவசாயி. ‘பராசக்தி’ கோர்ட் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். சிவாஜி படம் வந்தால் முதல் நாள் தியேட்டர் வாசலில் நிற்பார். திருவையாறு தொகுதியில் அவருக்கு ஓட்டு இருந்தது. உதயசூரியனில் குத்திவிட்டு வந்தார். பையன்களான நாங்கள் துரோகி என்று குதித்தோம். அவர் அமைதியாக, வாழ்நாள் முழுக்கத் தான் தி.மு.க. என்றும், அந்த வசனத்தை எழுதியவர் யார் என்று யோசித்துப் பார்க்கும்படியும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பரம்பரைக் காங்கிரஸ்; அவரும் சிவாஜி பைத்தியம். அவர் கையில் குத்தினார்.

ஆக, சிவாஜி ரசிகர்கள் என்ற பெரும் கூட்டம் ஏற்கெனவே வேறு வீடுகளில் குடியிருந்தது. அதில் பெரும்பங்கு காங்கிரஸ் குடும்பங்கள். சிவாஜியை அவர்கள் நேசித்ததற்கு அவர் காமராஜரின் பிள்ளையாக நின்றதும் ஒரு காரணம். அவர் வீட்டை விட்டுப் போனார், அவர்கள் போகவில்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் தனித்து நின்று 26 இடங்களைப் பிடித்தது. திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே, பாபநாசத்தில் மூப்பனார் ஜெயித்தார். சிவாஜி நம்பியிருந்த ஓட்டு எந்தப் பெட்டிக்குப் போனது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். போதாக்குறைக்கு, தனக்கு ஆயுள் முழுக்க எதிர்முகாமாக இருந்த எம்.ஜி.ஆர். கட்சியின் ஒரு பாதியோடு கூட்டுச் சேர்ந்தார். அவருக்கு அது பாசம். இருபது வருடம் தியேட்டர் வாசலில் எம்.ஜி.ஆர். ரசிகர்களோடு மல்லுக்கு நின்ற தொண்டனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கட்சி தொடங்கித் தேர்தல் வரைக்கும் இருந்ததும் பதினோரு மாதம்தான். கட்சியின் பெயரைச் சொல்ல ‘என் தமிழ் என் மக்கள்’ என்று ஒரு படமும் எடுத்தார்கள். படமும் போகவில்லை.

பின்னர் கட்சியைக் கலைத்துவிட்டு, ஜனதா தளத்தின் மாநிலத் தலைவராகக் கொஞ்ச நாள் இருந்தார். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அரசியலுக்கு முழுக்குப் போட்ட பிறகுதான் ‘தேவர் மகன்’ பெரியவர் நமக்குக் கிடைத்தார்.

இது பின்னால் வந்த நடிகர்களுக்கும் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு. சிவாஜிக்கு வெகு முன்பே, 1962இல் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனியில் ஜெயித்துச் சட்டமன்றம் போய்விட்டார்; காரணம் அவர் தி.மு.க.காரர், நடிகர் என்பது அதற்குப் பிறகுதான். 2005 செப்டம்பரில் கட்சி தொடங்கிய விஜயகாந்த் அடுத்த ஆண்டே விருத்தாசலத்தில் ஜெயித்தார். அவருடைய மன்றத்துப் பையன்கள் அதற்கு முன்பே உள்ளாட்சித் தேர்தலில் நின்று பழகியிருந்தார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். தனி மனிதராக நன்றாகவே நின்றார், அவரைச் சுற்றிக் கட்சி நிற்கவில்லை. ரஜினிகாந்த் 2017 கடைசி நாளில் வருகிறேன் என்றார், 2020 டிசம்பரில் உடல்நிலையைச் சொல்லி வரவில்லை என்றார். திருவையாற்றை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாமாவின் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 2001 ஜூலை 21, சிவாஜி காலமான செய்தி வந்தது. மறுநாள் காலை மாமா ஆற்றங்கரைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, மீசையையும் எடுத்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்குள் வந்தார். அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவர் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. அத்தைக்கு ஆத்திரம். இத்தனை பாசம் இருக்கிறவர் அன்றைக்கு ஓட்டை ஏன் போடவில்லை என்று கேட்டேவிட்டாள்.

“அது தேர்தல். இது சாவு” என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிழியப் போனார்.